வழிவிட்ட சவ ஊர்தி

வளைவைத் தாண்டியதும் எலின் பிரேக்கை மிதித்தாள். ஒரே வண்டி போகும் அகலமுள்ள அந்த இறக்கத்தில், எதிரே ஒரு சவ ஊர்தி மேடேறி வந்து நின்றது. அதன் பின்னால் ஐந்தாறு கார்கள். இவள் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்து வந்த கேரவன், சக்கரம் வைத்த சின்ன வீடு. இருபுறமும் தோளுயரக் கற்சுவர்.

"என்னாச்சு?" என்றார் பக்கத்தில் இருந்த கணவர் இட்வல்.

முப்பது வருடம் வேல்ஸ் முழுக்கக் கேரவன் இழுத்துத் திரிந்த மனிதர். போன குளிர்காலத்தில் இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மங்கிப்போக, இனி ஓட்டக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவை நீ ஓட்டிப் பாரு. சரிவரலைன்னா வித்துடுவோம்" என்று புறப்படும்போது மனைவியிடம் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் முந்தின மாலை அவர் ஈரத்துணியால் கேரவனின் பக்கவாட்டைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றதை எலின் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

"சாவு வண்டி வருது. நாமதான் பின்னால போகணும்."

ரிவர்ஸ் போட்டு மிதித்தாள். கார் ஒரு முழம் ஏறி, முனகி, நின்றுவிட்டது. அப்போதுதான் திரையைப் பார்த்தாள். பேட்டரி காலி. பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் புதுக் கார் அது. முன்னால் போக இரண்டும் கைகொடுக்கும்; பின்னால் போக மின்சாரம் மட்டும்தான். கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது, கேரவன் இழுக்கும்போது மறக்காமல் அமுக்குங்கள் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பள்ளத்தாக்கு நெடுக வெண்ணெய் போல ஓடிய சுகத்தில் அவள் மறந்துபோனாள்.

"பொத்தான அமுக்கினியா?"

"இல்ல."

"நான் சொன்னேன்ல."

"எங்க சொன்ன? ஊர்லேருந்து இதுவரைக்கும் 'இடது, இடது'ன்னுதான சொல்லிட்டு வந்த."

முதல் காரிலிருந்து ஒரு பெண்மணி இறங்கி வந்தாள். கறுப்புக் கோட்டு, அதற்குக் கீழே சேற்றுக்குப் போடும் ரப்பர் பூட்ஸ். எலின் கண்ணாடியை இறக்கினாள். மனத்துக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே, "மன்னிச்சிருங்கம்மா. மேட்டுல பின்னால ஏற வண்டிக்குத் தெம்பில்ல. என் தப்புதான்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இவருக்குக் கண்ணு மங்கிடுச்சு. இனிமே நான் ஓட்டினாத்தான் உண்டு. இன்னைக்குச் சரியா ஓட்டலைன்னா கேரவன வித்துடறதாப் பேச்சு."

அந்தப் பெண்மணி கேரவனைப் பார்த்தாள். மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்த இட்வலைப் பார்த்தாள். பிறகு சவ ஊர்திப் பக்கம் திரும்பினாள்.

"என் புருஷன் கெரைண்ட் இதே பாதையில அம்பது வருஷம் டிராக்டர் ஓட்டினான். ஒருத்தருக்கும் வழிவிட்டுப் பின்னால எடுத்ததில்ல. பாதிரியாருக்குக்கூட. நான் வெக்கத்துல தலையக் குனிஞ்சுக்குவேன்." அவள் உதட்டில் சிரிப்பு வந்து, நடுங்கி, நின்றது. "இன்னைக்கு ஒரு தடவை போகட்டும். பின்னால எடு, தாஃபிட்."

"சர்ச்சுல எல்லாரும் காத்திருப்பாங்களே, நெஸ்டா" என்றார் ஊர்தி ஓட்டுநர்.

"அவன் என்னைக்கு நேரத்துக்குப் போயிருக்கான்?"

கடைசிக் காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்கத் தொடங்கின. கீழே ஒரு பண்ணையின் கேட்டை யாரோ திறந்துவிட, எல்லாம் ஈர வயலுக்குள் போய் ஆடுகளுக்கு நடுவே நின்றன. சவ ஊர்தி கடைசியாகப் போனது. சேற்றில் அதற்கு மேல் இறங்க முடியாமல், அதன் மூக்கு மட்டும் பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே கேரவன் உரசாமல் போகலாம். ஒரு சாண் மிச்சமிருக்கும்.

எலின் மெதுவாக இறக்கத்தில் வந்து, கேட்டுக்குச் சற்று முன்பே காரை நிறுத்தினாள்.

"நான் இறங்கிக்கறேன்" என்றார் இட்வல்.

கேட்டருகே நின்று இடது, வலது என்று கத்தப் போகிறார் என்று நினைத்தாள். அவர் சுவரைத் தடவியபடி நடந்தார். நெஸ்டா வந்து அவர் முழங்கையைப் பிடித்து, சேறில்லாத இடத்தில் நிறுத்தினாள். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு கேரவனுக்கு முதுகைக் காட்டி, சவப்பெட்டி இருந்த பக்கம் திரும்பித் தலைகுனிந்து நின்றார்.

எலின் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.