பாஸ் என்னும் சொல்லும் ஒரு பிடி அரிசியும்

1957ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிறு. மலாக்கா, காஜா பெராங்.

நமது படிப்பகம் வெளியிட்ட மலாயா விடுதலை மலரில் ‘பாஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் ஐந்து பொருள்களில் ஆளப்பட்டுள்ளது. அதுவே என் குறை. மாணவர்கள் தேர்வில் பாஸ் செய்தார்களாம். தீர்மானம் ஏகமனதாகப் பாஸ் ஆயிற்றாம். விழாவுக்கு வருவோர் பாஸ் கொண்டு வரவேண்டுமாம். பந்தாட்டக்காரர் ஒருவர் இடப்புறத்துக்கு நல்ல பாஸ் கொடுத்தாராம். இவை போதாவென்று, முன்னாள் பொருளாளர் சென்ற மாதம் பாஸ் ஆகிவிட்டாராம்! தேர்ச்சிக்கும் சீட்டுக்கும் சாவுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கணம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்னும் முறையில் இதைச் சொல்ல எனக்கு உரிமையுண்டு.

மலர்க் குழுவினர் இதைக் கேட்டு, “மாஸ்டருக்கு இலக்கணப் பித்து” என்று சிரித்தார்களாம். சிரிக்கட்டும். அச்சொல் என் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

1952ஆம் ஆண்டு. அவசரகாலச் சட்டம் நம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம். என் மனைவி சிவகாமசுந்தரியின் தமக்கை பொன்னம்மாள் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று ஒரு நாள் விடியற்காலையில் செய்தி வந்தது. பொன்னம்மாளின் கணவர் ராஜரத்தினம் செங் என்னும் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அன்று பிற்பகலே உடலை எடுத்துவிட வேண்டும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

தோட்டத்துக்குப் போகும் சாலையின் குறுக்கே முள்கம்பி வேலியும் ஒரு கேட்டும் இருந்தன. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசியைக்கூட எவரும் கொண்டுசெல்லக் கூடாது. பக்கத்து ஊரான செமாபோக்கில் ஒரு பெண்ணை ஒரே ஒரு பால் டின்னுக்காகப் பிடித்துப் போனார்கள். அவள் சிறையிலிருந்து நேரே நாகப்பட்டினக் கப்பலில் ஏற்றப்பட்டாள் என்றும், பிள்ளைகள் இங்கேயே நின்றுவிட்டார்கள் என்றும் ஊரில் பேச்சு.

எங்கள் வழக்கம் வேறொன்றைக் கேட்டது. மணமான பெண் இறந்தால் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து அரிசி போகவேண்டும். பிறந்த வீட்டார் தம் கையால் அந்த வாய்க்கரிசியை இட்ட பிறகுதான் உடலை எடுப்பார்கள். தோட்டத்திலும் அரிசி இருந்தது. ஆனால் அது புகுந்த வீட்டு அரிசி. சகோதரிகள் இருவருக்கும் பெற்றோர் இல்லை, உடன்பிறந்த ஆண் இல்லை. மலாயாவில் பொன்னம்மாளுக்குப் பிறந்த வீடு என்றால் அது என் மனைவி ஒருத்திதான்.

“என்னங்க, அரிசி கொண்டு போக விடுவாங்களா?” என்று கேட்டாள்.

“விடமாட்டான். நெல்மணி அளவு இருந்தாலும் ஜெயில்தான்.”

“ஒரு பிடிதாங்க. அக்கா வாய்க்கு.”

“அதுக்குத் தனியா ஒரு பாஸ் எடுக்கணும் சிவகாமி. எழுதிப் போட்டு, அவன் பார்த்து, கையெழுத்துப் போட்டு வர்றதுக்குள்ள வாரம் ஓடிடும். அங்க பொணம் காத்துக்கிட்டு இருக்குமா?”

அவள் உள்ளே போய்விட்டாள். நான் பாஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஓடி, எங்கள் இருவருக்கும் பயணப் பாஸ் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலில் காதர் மைதீனின் டாக்சி நின்றது. காதர் பேச்சை நிறுத்தத் தெரியாத மனிதர். கார் ஓட்டும்போது இன்னும் அதிகம் பேசுவார்.

“ஏறுங்க மாஸ்டர். பாஸ் இருக்குல்ல?”

“இருக்கு, காதர்.”

“அப்பச் சரி. பாஸ் இல்லாம அந்தக் கேட்டுக்குப் போனா நாமளும் பாஸ்தான்! எங்க மாமு போன மாசம் பாஸ் ஆனாரு, ஆஸ்பத்திரில. எங்க பெரியவன் இந்த வருசமும் பாஸ் ஆவலே. ஆனா பந்தைப் பாஸ் கொடுக்கச் சொல்லுங்க, மலாக்காவுல அவனை அடிச்சிக்க ஆளு கிடையாது லா.”

“காதர், ஒரு சொல்லை இத்தனை வேலைக்கு வைக்காதீர். அது மாடு இல்லை.”

“மாடு வாங்கக் காசு இல்லையே மாஸ்டர், இந்த ஒண்ண வச்சிதான் உழுவுறோம்.” பின்னால் அழுதபடி இருந்த சிவகாமியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மன்னிச்சிக்குங்கம்மா. இந்த வாய் சும்மா இருக்காது.”

செங் ஊரைக் கடந்து, ரப்பர் மரங்களின் நிழலில் சாலை குறுகிய இடத்தில் கார் நின்றது. முன்னால் ஒரு லாரியும் ஒரு காரும் நின்றிருந்தன. அவற்றுக்கு அப்பால் கேட். வேலியோரம் துப்பாக்கியுடன் நின்ற சிப்பாய்கள் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னாலும் ஒரு லாரி வந்து ஒட்டி நின்றது. திரும்பிச் செல்ல வழியில்லை.

அப்போதுதான் சிவகாமியின் முந்தானையைக் கவனித்தேன். நுனியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முடிச்சு. அவள் அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“என்ன அது?” என்றேன்.

“அக்காவுக்குங்க.”

காதர் மைதீன் திரும்பிப் பார்த்தார்.

“அல்லா! அரிசியா? அம்மா, என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? எங்க காரைப் புடிச்சிடுவான். எனக்கு ஆறு புள்ளைங்கம்மா!”

“எறிஞ்சிடு” என்றேன். “சன்னல் வழியா எறிஞ்சிடு.”

“எறிஞ்சா தெரியாதா மாஸ்டர்? கறுப்புத் தார் ரோட்டுல வெள்ளை அரிசி! பின்னால லாரிக்காரன் பார்த்துக்கிட்டே இருக்கான். காருக்குள்ள கொட்டினாலும் சீட்டைத் தூக்கிப் பார்ப்பான்.”

முன்னாலிருந்த லாரி நகர்ந்தது. “பாஸ்!” என்று கேட்டில் ஒருவன் கத்தினான். அடுத்த கார் முன்னே சென்றது. பெண்களைச் சோதித்துத் தேடும் பெண் ஒருத்தி அதிலிருந்த சீனக் கிழவியின் கூந்தலை அவிழ்த்து விரலால் துழாவினாள். நான் என் சட்டைப்பையிலிருந்த பாஸைத் தொட்டுப் பார்த்தேன். அதில் எங்கள் பெயர்கள் இருந்தன. அரிசியின் பெயர் இல்லை.

“பாஸ்!” என்று மறுபடியும் குரல் வந்தது. அடுத்தது நாங்கள்.

நான் சிவகாமியைத் திரும்பிப் பார்த்தேன். முந்தானை நுனி சுருங்கித் தொங்கியது. முடிச்சு இல்லை. அவளுடைய உதடுகள் இறுக மூடியிருந்தன. இரு கன்னங்களும் புடைத்திருந்தன.

எங்களை இறங்கச் சொன்னார்கள். தகரக் கூரையின் கீழ் ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மலாய்க் காவலர் ஒருவர், வயதானவர், எங்கள் பாஸை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்துவிட்டு, சிவகாமியின் பக்கம் திரும்பி, “நாமா?” என்று பெயர் கேட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை.

“நாமா?” என்று அவர் மீண்டும் கேட்டார்.

வெள்ளைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். நான் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினேன். “ஐயா, இவள் என் மனைவி. இவளுடைய அக்காள் இறந்துவிட்டாள். அடக்கம் முடியும்வரை பேசமாட்டாள். எங்கள் வழக்கம் அது.”

அப்படி ஒரு வழக்கம் நம்மிடையே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வாக்கியத்தில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் மட்டும் அந்த நேரத்திலும் எனக்குள் இருந்தது. பிழையில்லாமல்தான் சொன்னேன்.

அதிகாரி தலையசைத்தான். ஆனால் காவலர் தலையசைக்கவில்லை. அவர் எத்தனையோ தோட்டத்துச் சாவுகளைப் பார்த்தவர். அவர் என்னிடம் மலாயில் கேட்டதன் பொருள் இது: “தமிழர் சாவென்றால் பெண்கள் மாரடித்துக் கத்தி அழுவார்களே, மாஸ்டர்? மூன்று மைலுக்குக் கேட்குமே. இவள் ஏன் இப்படி நிற்கிறாள்?”

காவலர் தேடும் பெண்ணைக் கையசைத்து அழைத்தார். அவள் வந்தாள். சிவகாமியின் கூந்தலை அவிழ்த்தாள். இடுப்பைத் தடவினாள். முந்தானையை நுனிவரை கைக்குள் ஓட்டினாள். நுனியில், முடிச்சிட்டுக் கசங்கிய மடிப்பில், ஒரே ஓர் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை நகத்தால் எடுத்தாள். அரிசியைப் பார்த்தாள். பிறகு சிவகாமியின் கன்னங்களைப் பார்த்தாள்.

அப்போது சிவகாமி இரு கைகளாலும் மார்பில் அடித்துக்கொண்டாள். மூடிய வாய்க்குள்ளிருந்து ஓர் ஒலி கிளம்பியது. கழுத்தில் கயிறு இறுகிய ஆட்டின் ஒலி அது. கண்ணிலிருந்து நீர் தாரையாக இறங்கியது. மண்ணில் முழங்காலிட்டு அடித்துக்கொண்டாள், அடித்துக்கொண்டே இருந்தாள், ஆனால் உதடு பிரியவில்லை.

வெள்ளைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேடும் பெண்ணின் கை தாழ்ந்தது. அந்த ஒற்றை அரிசி அவள் நகத்திலிருந்து நழுவியதோ, அவளே விட்டாளோ, நான் அறியேன். அவள் காவலரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

“பாஸ்” என்றான் அதிகாரி.

காதர் மைதீன் தோட்டம்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

கிராணி வீட்டு முற்றத்தில் பொன்னம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, புகுந்த வீட்டார் அரிசி இட்டு முடித்து, எங்களுக்காகவே காத்திருந்தார்கள். ராஜரத்தினம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொறந்த வீட்டு அரிசி வந்துச்சா சகலை?” என்று கேட்டார்.

சிவகாமி எவரையும் பார்க்கவில்லை. நேரே போய்த் தமக்கையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். குனிந்து, வாயிலிருந்த அரிசியை வலக்கையில் உமிழ்ந்தாள். ஊறி, வெளுத்து, பாதி மாவாகிக் குழைந்திருந்தது.

கூட்டத்தில் ஒரு பெண், “ஐயோ, எச்சில்! எச்சில் அரிசியா போடுறது?” என்றாள்.

“கேட்டுல எப்படிக் கொண்டாந்தான்னு நெனைச்சே?” என்றார் ராஜரத்தினம். “நீ போடும்மா. சின்னதுல ரெண்டு பேரும் ஒரே வட்டில்ல தின்னவங்கதானே.”

அவள் தமக்கையின் வாயில் அரிசியை இட்டாள். அதன்பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. அந்த ஓலத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

திரும்பும் வழியில் அதே கேட், அதே பெண். அவள் எதுவும் கேட்பதற்கு முன்னரே சிவகாமி அவள் எதிரே வாயை அகலத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு, போகும்படி கையசைத்தாள். பிழைத்தோம் என்று நான் எண்ணினேன். கார் காஜா பெராங்குக்குள் நுழைந்த பிறகு சிவகாமி என் காதருகே சொன்னாள்:

“கொஞ்சம் உள்ள போயிடுச்சுங்க.”

“எது?”

“அரிசி. மாரடிச்சப்ப முழுங்கிட்டேன். எனக்கும் போட்டாச்சுங்க.”

பிணத்தின் வாய்க்கென்று எடுத்த அரிசி உயிருள்ளவள் வயிற்றில் போய்விட்டது. “மூடத்தனம்” என்று அன்று அதட்டினேன். இன்றுவரை அதட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆயினும் அவள் தும்மினால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவளுக்கு அச்சம் சாவின்மீது அன்று. கேட்டிலிருந்து வந்த அந்தக் குரலின்மீது. அச்சொல் காதில் விழுந்தால் அவள் உதடுகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. தெருவில் பந்தாடுகிறவர்கள் கத்தினாலும் அப்படியே. நானே அறியாமல் சொல்லிவிட்டாலும் அப்படியே. வாயில் சோறு இருந்தால் அதை விழுங்கவும் மாட்டாள், துப்பவும் மாட்டாள்.

சென்ற வெள்ளிக்கிழமை நண்பகலில் நடந்தது இது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மலர்க் குழுவின் சேதுபதி எங்கள் வாசல் படலைத் திறந்துகொண்டே, “மாஸ்டர்! உங்களுக்கும் அம்மாவுக்கும் விழாவுக்குப் பாஸ் கொண்டாந்திருக்கேன், பாஸ்!” என்று கூவினார். நல்ல மனிதர். மகிழ்ச்சியோடுதான் கூவினார். நான் உள்ளே திரும்பிப் பார்த்தபோது சிவகாமியின் கன்னங்கள் புடைத்திருந்தன. கண்கள் வாசலைப் பார்த்து நிலைகுத்தியிருந்தன. உதட்டில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. மூச்சு இல்லை. நான் அவள் தாடையைப் பிடித்து, என் இரு கைகளாலும் நெம்பி, விரலை உள்ளே விட்டுச் சோற்றைத் தோண்டி எடுத்தேன். அவள் பற்கள் பதிந்த இடம் இப்போதும் வலிக்கிறது. பேனாவை இடக்கையால் பிடித்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு மூச்சு வந்ததும் முதலில் கேட்டது, “கேட்டு தொறந்துட்டாங்களா?” என்பதே.

அந்தக் கேட்டை எப்போதோ எடுத்துவிட்டார்கள். முள்கம்பியையும் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். நாடு விடுதலை பெற்று ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இவற்றை எல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள், வாய் திறக்கவில்லை.

ஆகவே இதைப் படிக்கின்ற உம்மிடம் கேட்கிறேன். மலரில் என்ன எழுதுவீரோ, அது உம் மனச்சாட்சிக்கு விட்டது. என் வீட்டுப் படலைத் தொடும்போது மட்டும் அச்சொல்லைச் சொல்லாதீர். கையில் சீட்டு இருந்தால் ‘சீட்டு’ என்று சொல்லும். உம் பிள்ளை தேறியிருந்தால் ‘தேறினான்’ என்று சொல்லும். எவரேனும் இறந்திருந்தால் வெளியிலேயே நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும், நான் வருகிறேன். அதற்கு முன்பு, உள்ளே அவள் சாப்பிடுகிறாளா என்று சன்னல் வழியே பாரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அவள் விழுங்கி முடிக்கும்வரை ஒரு சொல்லும் பேசாமல் அங்கேயே நில்லும்.