முதல் வாய்

சால்மன் துண்டுகள் இரண்டையும் தோல் கீழே இருக்கும்படி தட்டில் வைத்து, ஈரம் போகக் காகிதத்தால் ஒற்றிக்கொண்டிருந்தான் தம்பி. கூடத்திலிருந்து அக்காவின் மூச்சு கேட்டது. ஒரு மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. காகிதத்தை மீன் மேல் அழுத்தியபடியே எண்ணினான். ஒன்பது எண்ணியதும் அடுத்தது வந்தது. காலையில் ஐந்து எண்ணுவதற்குள் வந்துகொண்டிருந்தது.

நர்ஸம்மா பையை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு வரைக்கும் தாங்கறது கஷ்டம்தான். வலி தெரியாது, அதுக்கு மருந்து குடுத்திருக்கேன். எனக்கு பயமெல்லாம் உங்க அத்தானைப் பத்திதான். சர்க்கரை மாத்திரையை மட்டும் முழுங்கிட்டு மூணு நாளா வெறும் டீல இருக்காரு. கை எப்படி நடுங்குதுன்னு பாத்தீங்களா? எப்படியாவது சாப்பிட வைங்க. இல்லன்னா நாளைக்கு அவருக்கும் ஒரு கட்டில் போடணும்."

"சொல்லிப் பாத்தாச்சும்மா. கேக்க மாட்டேங்கறாரு."

"ஏனாம்?"

"அது அவங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு வழக்கம்," என்றான்.

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? கல்யாணமான முதல் வாரம், அத்தான் பசி தாங்காமல் சட்டியில் இருந்ததை எல்லாம் தின்று தீர்த்துவிட்டார். பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு, அதை டிப்போவில் விட்டு வந்த அக்கா, காலிச் சட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அத்தான் மறந்திருப்பார். அவள் திட்டவில்லை. அன்றிலிருந்து முப்பத்தோரு வருஷமாக, அவள் முதல் வாய் வைக்காமல் அவர் தட்டைத் தொட்டதில்லை. பசியில்லாத நாளில்கூட அக்கா ஒரு துணுக்கை வாயில் போட்டுக்கொண்டு, "ம், ஆரம்பிங்க" என்பாள். அவள் வாய்க்குள் உணவு போய் மூன்று நாளாகிறது.

நர்ஸம்மா போனதும் அடுப்பில் சின்னச் சட்டியை வைத்தான். தேன் இரண்டு கரண்டி, சோயா சாஸ் ஒரு கரண்டி, நசுக்கிய பூண்டு, அரை எலுமிச்சையின் சாறு. வேலை நாளில் அக்கா பதினைந்து நிமிஷத்துக்கு மேல் சமையலறையில் நிற்கமாட்டாள். "நாப்பது பிள்ளைங்க கத்தறதைக் கேட்டுட்டு வர்றேன். வீட்ல வெங்காயம் வேற என்னை அழ வைக்கணுமா?" என்பாள். புதன்கிழமைதோறும் இங்கேயே சாப்பிட்டுப் பழகியதால், செய்முறை அவனுக்குப் பார்த்தே மனப்பாடம். கலவை கெட்டியாகிவிட்டதா என்று பார்க்கக் கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தான். கோடு மூடாமல் நின்றது. பாதியை மீன் மேல் தடவி ஓவனில் வைத்தான்.

பன்னிரண்டு நிமிஷம். கடைசி இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஒரு பூச்சு.

"மாப்ள, என்னத்தைக் கருக்கற?" கூடத்திலிருந்து அத்தானின் குரல்.

"கருகல அத்தான். தேன்."

"நீ லிஃப்டு ரிப்பேர் பாக்கறவன். உன் சமையல் தொண்டைக்குள்ள போனா ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடும்."

"நின்னா நானே வந்து இறக்கிவிடறேன்."

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி நின்றது.

ஆறரைக்கு இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்தான். மேல்பூச்சு பழுப்பாக மினுமினுத்தது. அத்தான் கட்டிலுக்கு ஒட்டி நாற்காலியைப் போட்டு, அக்காவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்திருந்தார்.

"அங்க வை. அவ வாய் வைக்கட்டும்."

"அத்தான். அக்கா இனிமே சாப்பிட மாட்டா."

"தெரியும்டா."

"தெரிஞ்சா அப்புறம் என்ன?"

அவர் முகத்தில் பிடிவாதம்கூட இல்லை. உள்ளே கூப்பிட யாருமில்லாமல் வாசலில் நிற்பவனைப் போல உட்கார்ந்திருந்தார்.

தம்பி சமையலறைக்குப் போனான். உதட்டை நனைக்க நர்ஸம்மா வைத்துப்போன, நுனியில் பஞ்சு வைத்த குச்சி ஒன்றை எடுத்து, சட்டியில் ஒட்டியிருந்த தேன் கலவையில் தொட்டான். ஊதி ஆற்றினான். வந்து அக்காவின் கீழுதட்டில் மெல்லத் தடவினான்.

"அக்கா. மீன் செஞ்சேன். உப்பு பாத்துச் சொல்லு."

ஒன்றும் நடக்கவில்லை. எண்ணிக்கை பதினொன்றைத் தாண்டியது. தன்னைத்தானே நொந்துகொண்டு குச்சியைக் கீழே வைக்கப் போனான். அப்போது அந்தக் கீழுதடு உள்ளே மடிந்தது. நாக்கு நுனி வெளியே வந்து, உதட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகப் போனது. கண் திறக்கவில்லை.

"ம்," என்றாள்.

தம்பிக்குக் கை மயிர் சிலிர்த்தது. நேற்றிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டும், ஊசி குத்தியும் திரும்பாதவள். இத்தனை தூரம் போனவள், இதற்காக எங்கிருந்து திரும்பி வந்தாள்?

அத்தான் அவள் கையைப் போர்வை மேல் வைத்துவிட்டுத் தட்டை எடுத்தார். முள்கரண்டி பட்டதும் மீன் இதழ் இதழாகப் பிரிந்தது. வாயில் வைத்தார். மென்றார்.

தம்பி அக்காவைப் பார்த்தபடி எண்ணினான். பதினேழில் ஒரு மூச்சு வந்தது. குழந்தை தூக்கத்தில் விடுவதுபோலச் சின்ன மூச்சு. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். இருபது. நாற்பது. அறுபதில் எண்ணுவதை விட்டான்.

லிஃப்டு வேலையில் பெரிய வித்தை, அதை நிறுத்துவதுதான். நின்றது உள்ளே இருப்பவனுக்குத் தெரியக்கூடாது. கதவு திறந்த பிறகுதான் தெரியவேண்டும். இருபத்தாறு வருஷமாக பிரேக்கை முறுக்கியும் தளர்த்தியும் பார்த்திருக்கிறான். ஒரு சின்ன உலுக்கலாவது இருக்கும். இங்கே அது இல்லை. போர்வையின் மடிப்புகூட மாறவில்லை.

அத்தான் தட்டில் பாதி மீன் மிச்சமிருந்தது.

சொன்னால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். பிறகு எந்தத் தட்டை நீட்டினாலும் யார் முதல் வாய் வைப்பது? தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவனுடைய தட்டு மடியில் தொடாமல் இருந்தது. அத்தான் அவசரமில்லாமல் சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி தொடர்ந்தார். தோலையும் தின்றார். தட்டில் வழிந்திருந்த தேனைக் கரண்டியால் வழித்து நக்கினார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் கையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் ஆச்சு இல்ல?"

தம்பி நிமிர்ந்தான்.

"நீ எண்ணும்போது உதடு அசையும் மாப்ள. அது நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அத்தான்..."

"அவதான் ஆரம்பிங்கன்னுட்டாளே. பாதில எப்படி வைக்கறது?"

வெளியே யாரோ வண்டியைப் பூட்டிவிட்டுப் பேசிக்கொண்டே போனார்கள். அக்காவின் கீழுதடு இன்னும் ஈரமாக மின்னியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மாவுக்கு ஃபோன் பண்ணவேண்டும் என்று தம்பிக்குத் தோன்றியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அத்தான்தான் எழுந்தார். தம்பியின் மடியிலிருந்த தட்டைத் தூக்கி, அடியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஐஸாட்டம் இருக்கு."

சமையலறையில் மைக்ரோவேவ் சுற்றும் சத்தம் கேட்டது. ஆவி பறக்கத் தட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். கரண்டியைக் கைப்பிடிப் பக்கம் அவனை நோக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"முள் பாத்துச் சாப்பிடு. எனக்கு நடுவுல ஒண்ணு வந்துச்சு. துப்பாம முழுங்கிட்டேன்."

தம்பி மீனைப் பிரித்தான். இரண்டாவது இதழுக்கடியில் ஒரு முள் இருந்தது, மயிரிழை மாதிரி. அதை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தான்.