ஏழாம் விதியும் ஒரு சிட்டிகைத் திருநீறும்

பெருந்துறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையின் மேல்மாடிதான் பகுத்தறிவு வட்டத்தின் மன்றம். மாதம் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கூட்டம். வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே மாட்டியிருக்கும் முதல் தலைவர் படத்தை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். வெறும் சிமெண்ட் தரை அது. கழற்றுங்கள் என்று யாரும் சொன்னதும் கிடையாது. எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்கிற கூட்டத்துக்கு இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குச் செயலாளர் செவ்வந்தியின் கைப்பையில் ஒரு நீக்கக் கடிதம் இருந்தது. அச்சடித்தாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. நீக்கப்பட இருந்தவர் லட்சுமணசாமி. எழுபது வயது, லேத் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர், வட்டத்தைத் தொடங்கிய ஐந்து பேரில் மிச்சமிருக்கும் ஒருவர். அவிநாசி கோயில் வாசலில், நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் நிற்கும் படம் போன வாரம் வட்டத்தின் வாட்ஸப் குழுவில் வந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கோப முகங்கள்.

ஏழாம் விதி தெளிவாகத்தான் இருந்தது. வழிபாட்டில் காணப்படும் உறுப்பினர் விசாரணையின்றி நீக்கப்படுவார். எழுதியவள் செவ்வந்தியேதான். முப்பது வயதில், வட்டத்து ஆள் ஒருவர் திருட்டுத்தனமாகச் சாமியாரிடம் போய் ஊரே சிரித்தபோது, கொதித்துப்போய் எழுதியது. 'விசாரணையின்றி' என்ற சொல்லுக்கு அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அதை வைத்து லட்சுமணசாமியையா நீக்குவது? செவ்வந்தி வயல்காட்டுக் கூலிக் குடும்பத்துப் பெண். அவள் கணவன் பாலகோபால் மில் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இருவரும் கட்டிக்கொள்ள நின்றபோது, மண்டபம் கொடுக்க ஒருத்தர் முன்வரவில்லை. லட்சுமணசாமிதான் தன் வீட்டு முன்னால் சாமியானா போட்டு, இரண்டு மாலையை எடுத்து நீட்டி, உறுதிமொழியைப் படித்து, கல்யாணத்தை முடித்து வைத்தார். அவர் மனைவி நாற்பது பேருக்குச் சோறு பொங்கினார். அப்புறம் மில் வீட்டார் புகார் கொடுத்தபோது, மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் லட்சுமணசாமி நின்ற நிற்பு! இன்றைக்கு அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தலைநிமிர்ந்து வேலை பார்க்கிறாள், கல்லூரிக்குப் போகிற ஒரு மகள் இருக்கிறாள் என்றால், அதற்கு அவர் போட்ட பந்தல்தான் ஆரம்பம்.

கூட்டம் தொடங்கியது. லட்சுமணசாமி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்மையில் நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் பாதியாகிவிட்டார். தலைவர் ஈஸ்வரமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "செயலாளர் கடுதாசியப் படிச்சுருங்க" என்றார்.

படத்தைக் குழுவில் போட்ட வம்சி எழுந்தான். சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, மாதாமாதம் பைக்கில் வந்துவிடுவான். அவன் அப்பாவின் மஞ்சள் காமாலைக்கு மந்திரித்துக் கயிறு கட்டியே காலத்தை ஓட்டி, கடைசியில் ஆளையே இழந்த குடும்பம். "அக்கா, பெரியவருன்னு பார்த்தா நாளைக்கு ஆளாளுக்குப் பட்டை போட்டுட்டு வருவாங்க" என்றான். அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

செவ்வந்தி பைக்குள் கை விட்டாள். கடிதத்துக்கு முன்னால் விசாரணைத் தாள் கட்டு கையில் தட்டுப்பட்டது. அது எப்போதும் அவள் பையில் இருக்கும். பேய், பில்லி, சூனியம் என்று எங்கிருந்து புகார் வந்தாலும் வட்டம் நிரப்புகிற தாள் அது; லட்சுமணசாமி தயாரித்தது. என்ன பார்த்தோம், யார் பார்த்தது, வேறு காரணம் இருக்குமா, சம்பந்தப்பட்டவரைக் கேட்டோமா என்று நான்கு கேள்விகள். அடியில் 'காரணம்' என்று ஒரு கட்டம். கூரைமேல் கல் விழுந்த கேசில் அந்தக் கட்டத்தில் 'குரங்கு' என்று இருக்கும். தானாக ஓடிய எலுமிச்சம்பழத்துக்கு 'உள்ளே பாதரசம்'.

அவள் கடிதத்தை விட்டுவிட்டு ஒரு வெற்றுத் தாளை உருவினாள்.

"கூரைமேல கல்லு உழுந்ததுக்கு மூணு நாள் போயி உக்காந்து பார்த்தமுங்க. குரங்குக்குக் குடுத்த மரியாதையக்கூட நாம இவருக்குக் குடுக்கலீங்க. நாலாவது கேள்வி, இவரை யாராச்சும் கேட்டீங்களா?"

அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கய்யா, நெத்தியில அது எப்படி வந்துச்சுங்க?"

லட்சுமணசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பங்காரம்மான்னு ஒருத்தருங்க. ஆஸ்பத்திரியில வார்டு வேலை. பத்தொம்போது நாள் என்னையத் தொடச்சு உட்டு, பொரட்டிப் படுக்க வெச்சவங்க. நான் பொழைக்கோணும்னு அவிநாசியில வேண்டிட்டாங்களாம். கூட வரச் சொன்னாங்க. எனக்கு நம்பிக்கையில்லீங்கம்மான்னேன். 'அது போகுதுங்க, எனக்கிருக்குதில்லீங்க, சும்மா வந்து நில்லுங்க'ன்னாங்க. போய் நின்னேன். வெச்சுட்டாங்க. அவங்க முன்னால அதத் தொடைக்க எனக்கு மனசு வரலைங்க. எனக்குச் சாமியில்ல. ஆனா அந்தம்மா இருக்கறாங்களே."

"இருந்தாலும் திருநீறு வெச்சதுக்கப்புறம் அவரு எப்படீங்கக்கா நம்ம ஆளு?" என்றான் வம்சி.

செவ்வந்திக்குச் சட்டென்று கோபம் வந்தது. "ஒரு சிட்டிகைச் சாம்பலு அம்பது வருசத்து நாத்திகரை மாத்திப்போடுமா வம்சி? அப்ப அதுக்கு அம்புட்டுச் சக்தி இருக்குதுன்னு நாமதானுங்க நம்பறோம்! பங்காரம்மாகூட அப்படி நம்பியிருக்க மாட்டாங்க."

முன்வரிசையில் ஒருவர் பக்கென்று சிரித்தார். சிரிப்பு பரவியது. வம்சி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் தெனமும் வேலைக்குக் கிளம்பறப்ப எங்கம்மா திருநீறு வெச்சு உடுவாங்க. நாலு வருசமா அவங்க கண்ணு முன்னாலயே தொடச்சுப்போட்டுத்தான் வண்டியெடுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஏழாம் விதியை எழுதியது தன் தப்புதான் என்று சொல்லி, அதை எடுத்துவிடக் கேட்டாள் செவ்வந்தி. கை தூக்கினார்கள். பதினொரு கை எடுத்துவிட, ஆறு கை வைத்துக்கொள்ள. ஈஸ்வரமூர்த்தி ஆறில் ஒருவர். "எனக்கு ஒப்புதலில்லீங்க. ஆனா கணக்கு கணக்குத்தானுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே டீ சொல்லப் போனார்.

லட்சுமணசாமி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செவ்வந்தி எடுத்துப் போட்டாள். கடமைக்கு நன்றி எதற்கு என்பது வட்டத்தில் எல்லோரும் சொல்லுகிற பேச்சு. அதை அப்படியே நம்பி, இருபத்திரண்டு வருடமாக ஒரு வார்த்தையை அவள் தொண்டையிலேயே வைத்திருந்தாள்.

"ஐயா, எங்க கல்யாணத்துக்கு நான் உங்களுக்கு நன்றியே சொல்லலீங்க. அன்னைக்குச் சோறு பொங்குன அம்மாகிட்டவும் சொல்லோணும். ரொம்ப நன்றிங்கய்யா." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அட, இதென்ன அம்மணி! ஊட்டுக்கு வா, அவகிட்ட நீயே சொல்லு. பாலகோபாலையும் கூட்டிட்டு வா" என்றார் அவர்.

அவள் உள்ளே திரும்பி வந்து தாளை நிரப்பினாள். என்ன பார்த்தோம்: நெற்றியில் திருநீறு. யார் பார்த்தது: குழுவில் எல்லோரும். வேறு காரணம் இருக்குமா: இருக்கும். சம்பந்தப்பட்டவரைக் கேட்டோமா: இன்றுதான். அடியில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'நன்றி' என்று எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. வம்சி வந்து பேனாவை வாங்கிக்கொண்டான்.