நாலடி உயர்ந்த வீடு

அக்காவோடு நான் பேசி ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. காரணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். தீவை விட்டுக் கரைக்குக் குடிபோகிறவர்களின் பட்டியலில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயர் கொடுத்துவிட்டாள். கடல் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது, முன்பு வாசலோடு நின்ற தண்ணீர் இப்போது அடுப்படிக்கே வருகிறது, எல்லாம் சரி. அதற்காகக் கூடப் பிறந்தவளிடம் சொல்ல வாய் இல்லையா?

இருப்பதோ ஒரே மரவீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். பாகம் பிரித்தபோது பரணும் அதில் ஏறுகிற ஏணியும் அவள் பக்கம் போயின. பெரிய ஜன்னல் எனக்கு வந்தது. வாசல்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், முன்னாலிருந்த மரப்படி மட்டும் பொது.

எங்கள் தீவில் கடல் ஏறினால் நாங்களும் வீட்டை ஏற்றிவிடுவோம். ஜாக்கி மேஸ்திரி பதினாறு ஜாக்கிகளோடு படகில் வருவார். அவற்றை வீட்டுக்கு அடியில் வைத்து, அவர் விசில் ஊதும்போதெல்லாம் ஆளுக்குக் கால் சுற்று சுற்ற வேண்டும். உள்ளே பக்கத்துக்கு ஒருத்தர், விளிம்புவரை தண்ணீர் நிறைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். தட்டு எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் வீடு தாழ்ந்திருக்கிறது என்று கணக்கு. தட்டுக்கு வெளியாளை உட்கார விடமாட்டார் மேஸ்திரி. சொந்த வீடாக இருந்தால்தான் கண் தட்டிலேயே இருக்குமாம்.

"ரெண்டு பக்கமும் சேந்துதான் ஏறணும். இல்லன்னா நடுச்சுவரு பொளந்துக்கும்," என்றார் அவர். "நாளைக்கு விட்டா ஜாக்கியெல்லாம் அடுத்த தீவுக்குப் போயிடும். அடுத்த வாரம் பெரிய தண்ணி வருது, பாத்துக்கங்க."

அக்காவின் படகும் நாளை மாலைதான். என் வீட்டுக்காரர் தூது போனார். பாவம், பத்தடிக்குள் மூன்று நடை.

"தம்பி, உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க," என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. "படகு ஏறுற வரைக்கும் தட்டு புடிக்கிறேன். அதுக்கு மேல எங்கிட்ட எதையும் எதிர்பாக்க வேணாம்."

"யாரு எதிர்பாத்தாங்களாம்?" என்றேன், சுவருக்குக் கேட்கும்படி. அன்றிரவு நான் தூங்கவில்லை. வீடு ஏறிவிடும், அவள் போய்விடுவாள். ஏறிய வீட்டில் நான் யாரோடு பேசாமல் இருப்பது?

காலையில் விசில் ஊதியது. கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. வீடு முனகிக்கொண்டே எழுந்தது. எனக்கு வயிற்றுக்குள் கிச்சுகிச்சு மூட்டியது. நடுச்சுவரில் முதுகைச் சாய்த்து நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். திடீரென்று என் தட்டு வழிந்தது. "வழியுது!" என்று கத்தினேன்.

"எந்தப் பக்கம்?" என்று கீழேயிருந்து மேஸ்திரி கத்தினார்.

"அவ பக்கந்தான்," என்றாள் அக்கா சுவர் வழியாக. "எப்பவும் அவதான் எறங்கிக் கெடப்பா. உடம்ப கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

"நீ மட்டும் காத்துல பறக்குறியாக்கும்," என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

சுவர் குலுங்கியது. அவள் சிரிக்கிறாள். பிறகு நானா விடுவேன்? அடக்க அடக்கச் சிரிப்பு அதிகமாயிற்று.

"யம்மா, வீடு நேராத்தானே நிக்குது, தட்டு ரெண்டும் ஏன் தளும்புது?" என்று மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு கிழங்களும் சிரித்து முடிக்கிறவரை வேலை நின்றது.

வீடு உயர உயர அடியில் கட்டைகளை முட்டுக் கொடுக்க வேண்டும். பாதியில் கட்டை தீர்ந்துபோனது. "கண்ணுல பட்டதையெல்லாம் போடுங்க," என்று ஜன்னல் வழியாகக் கத்தியது நான்தான். மாலை ஆவதற்குள் நாலடி ஏறிவிட்டோம். இனிப் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றார் மேஸ்திரி.

கதவைத் திறந்தேன். பக்கத்து வாசலில் அக்கா, கையில் பெட்டியோடு. கீழே ஏற்றத்தண்ணீரும் சேறும் முழங்கால் அளவுக்கு. படியைக் காணோம்.

"படி எங்கங்க?" என்றேன்.

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு அடியில் கை காட்டினார். "நீதானே கண்ணுல பட்டதையெல்லாம் போடச் சொன்ன?"

இப்போது அதை உருவினால் வீடு சாய்ந்துவிடும் என்றார் மேஸ்திரி. படித்துறையில் படகு முதல் சங்கு ஊதியது.

"அண்ணி, நான் தூக்கி எறக்கி விடுறேன்," என்றார் இவர்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க பொண்டாட்டியவே உங்களால தூக்க முடியாது தம்பி."

அவர் ஏணி கேட்டுத் தெருவெல்லாம் ஓடினார். கிடைக்கக் கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். என்ன ஜென்மம் நான் என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டாவது சங்கு ஊதியது. படகு வாலைக் காட்டிக்கொண்டு போயே போய்விட்டது.

"அக்கா, சத்தியமா வேணும்னு செய்யல," என்றேன்.

அவள் உள்ளே போனாள். எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம். வாசலில் பரண் ஏணி தலையை நீட்டியது.

"இது உள்ளயேவா இருந்துச்சு? நீ எப்பவோ வித்துட்டன்னுல்ல நெனச்சேன்."

"பின்ன? பரணுக்குப் பறந்தா போவேன்?"

"அப்புறம் ஏன்க்கா போகல?"

"பட்டியல்ல பேரு குடுத்த அன்னிலேருந்து, போகாதன்னு நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன். நீ வாயையே மூடிக்கிட்ட."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "போகாதக்கா," என்றேன்.

"இப்ப சொல்லு, படகு போனப்புறம்," என்று ஏணியைச் சேற்றில் இறக்கி அழுத்தினாள். "உன் பக்கத்துக் கட்டையப் புடி, ஆடுது."

என் வாசலிலிருந்து கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.