சுலோசனாக்காவின் இரண்டு அளவுகள்

கரையான்சாவடி ஆஸ்பத்திரியில் பெனிஷா வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டில் கருவியை வைத்து, மூளையில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று ஸ்கேனில் அளப்பது அவள் வேலை.

அந்த அளவுகளை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க டாக்டர் சபீனா ஒரு சோதனை வைத்தார். ஒரே ஆளை பெனிஷாவும் சீனியர் டில்லிபாபுவும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் பெனிஷா இனிமேல் தனியாகவே ஸ்கேன் எடுக்கலாம்.

ஆஸ்பத்திரி ஆட்களே வந்து படுத்தார்கள். எல்லாருக்கும் அளவு பொருந்தியது. கேன்டீன் சுலோசனாவிடம் மட்டும் இடித்தது. டில்லிபாபுவுக்குச் சாதாரணமாக வந்தது, பெனிஷாவுக்கு எகிறி நின்றது.

"வேற ரத்தக்குழாய புடிச்சிட்டியாம்மா?" என்றார் டில்லிபாபு.

பெனிஷாவின் முகம் வாடிவிட்டது. "இன்னொரு தடவ பாக்கறேன் மேடம்," என்றாள். டாக்டர் தலையசைத்தார்.

"ஆடாம அசையாம இருங்கக்கா," என்று முதல் தடவை போலவே சொல்லி ஆரம்பித்தாள். ரத்தக்குழாய் அதேதான். ஆனாலும் வேகம் மெல்ல மெல்ல ஏறியது. திரையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தாள். சுலோசனாவின் கன்னம் உப்பியிருந்தது. மார்பு ஏறி இறங்கவே இல்லை.

"அக்கா! மூச்சு விடுங்க!"

சுலோசனா புஸ்ஸென்று காற்றை விட்டாள். "நீதானேம்மா அசையாதன்னே? எக்ஸ்ரே மேரி மூச்ச புடிச்சிகினு இருக்கணும்னு நெனச்சேன்."

"டில்லிபாபு சார் அப்டி சொல்லலியா?"

"அண்ணாத்தே சும்மா படுத்துக்கினு இருன்னாரு. இருந்தேன்."

டாக்டர் சபீனா வாய்விட்டுச் சிரித்தார். "மூச்ச அடக்கினா மூளைக்கு ரத்தம் வேகமாதான் ஓடும். நீ அளந்தது தப்பே இல்ல பெனிஷா. இனிமே எல்லார்கிட்டயும் மொதல்ல, சாதாரணமா மூச்சு விடுங்கன்னு சொல்லிடுவோம்."

சுலோசனா சற்று நேரம் ஓய்வெடுத்த பிறகு இருவரும் மறுபடி அளந்தார்கள். அளவுகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

"நாளைலேர்ந்து நீயே பாத்துக்கோம்மா," என்று டில்லிபாபு கை கொடுத்தார். பெனிஷாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

"ஆமா, உள்ள ஓடற சத்தம் எனக்குக் கேக்குமா?" என்றாள் சுலோசனா.

பெனிஷா ஒலியைக் கூட்டினாள். உஷ்... உஷ்... என்று அறை நிறைந்தது.

"என் தலையா இது? இன்னா ஓட்டம் ஓடுது!" என்று சொன்ன சுலோசனா, படுத்தபடியே கேன்டீன் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.