இரண்டு பதினாலுக்கு வந்த தாள்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் சர்வரக்கா என்றே கூப்பிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேன்டீனில் பரிமாறுகிறவள் என்று எண்ணி அவளிடம் டீ கேட்டதும் உண்டு. தரைத்தளத்தில் குளிரூட்டிய சின்ன அறை ஒன்றில் இருக்கும் சர்வர் என்ற மையக் கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. நோயாளியின் பதிவு எண், மருந்துச் சீட்டு, லேப் முடிவு எல்லாம் அந்த அறை வழியாகவே போய்வந்தன.

பழைய சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. மாற்றியே ஆகவேண்டும். அதற்காக மருத்துவமனையை இழுத்து மூட முடியுமா? ஒரு மாதப் பதிவுகளைப் புரட்டி, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத்தான் கூட்டம் மிகக் குறைவு என்று கண்டுபிடித்தாள். பழையதன் பக்கத்திலேயே புதிய சர்வரை நிறுத்தி, மென்பொருள்களை ஏற்றி, தகவல்களையும் முன்கூட்டியே நகலெடுத்து வைத்தாள். மூன்று தடவை ஒத்திகை பார்த்தாள். பழையதை நிறுத்தி, கடைசியாக மாறியவற்றை மட்டும் நகலெடுத்து, எல்லோரையும் புதியதற்குத் திருப்பிவிட ஒன்பது நிமிடம் போதும். அந்த ஒன்பது நிமிடமும் இரண்டு சர்வரும் யாருக்கும் பதில் சொல்லாது. வார்டுகளில் பேப்பரும் பேனாவும்தான்.

சரியாக இரண்டு பத்துக்குப் பழையதை நிறுத்தினாள். ஐந்தாவது நிமிடம் லேப் டெக்னீஷியன் போன் செய்தார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான்.

“அக்கா, அதுக்குள்ள மாத்திட்டீங்களா? ரிசல்ட் வருதே.”

“வராதுண்ணா. ரெண்டுமே மூடியிருக்கு.”

“கையில வச்சிருக்கேன். தாளோட சூடுகூட ஆறல.”

லேப் பிரின்டர் சர்வர் சொன்னால்தான் அச்சடிக்கும். தானாக ஒரு புள்ளிகூட வைக்காது. நகலெடுப்பது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்ததால், லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடினாள். தாளில் பதினாலாம் கட்டிலின் ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 6.9. நேரம் 2.14.

“இந்த சாம்பிளை எப்ப பார்த்தீங்க?”

அவர் ரேக்கைக் காட்டினார். பதினாலாம் கட்டிலின் குழாய் மூடி திறக்கப்படாமல் நின்றது.

“பாருங்கண்ணா. இப்பவே.”

பரிசோதிக்கும் கருவிக்கு சர்வர் தேவையில்லை. சற்று நேரத்தில் அதன் சின்னத் திரையில் எண் வந்தது. 6.9. அவர் கையைத் துடைத்துக்கொண்டார். கை ஈரமாக இல்லை. பிறகு டியூட்டி டாக்டருக்குப் போன் செய்து, “இதயம் நின்னுடப் போகுது டாக்டர், உடனே பாருங்க” என்றார்.

பிரின்டர் மறுபடி உறுமியது. இரண்டாவது தாள். இதயப் பாதிப்பைக் காட்டும் பரிசோதனை, வழக்கத்தைப்போல் நாற்பது மடங்கு. பதிவு எண் 48213. அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். கடைசியாகக் கொடுத்த எண் 48212.

அப்படி ஒரு நோயாளி இன்னும் வரவில்லை.

நகலெடுப்பு முடிந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய சர்வர் திறந்துகொள்ளும். திறந்தவுடன் யாரோ ஒருவருக்கு அந்த எண் போகும். கவுன்ட்டரிலிருந்து போன் வந்தது. “அக்கா, மூணு பேர் நிக்கிறாங்க. திட்டறாங்க. எப்ப திறக்கும்?”

ஒன்பதாவது நிமிடம் கடந்து, பத்தாவதும் கடந்தது. பிறகு அழுத்தினாள்.

அவள் கவுன்ட்டரை அடைவதற்குள் எண் போய்விட்டிருந்தது. வாங்கியவர் ஒரு பஸ் டிரைவர். கட்டை விரலில் வெட்டு, கட்டு மாற்ற வந்திருக்கிறார். சிரித்த முகம்.

“இவருக்கு ரத்தம் எடுங்க” என்றாள் கட்டு மாற்றும் அறையிலிருந்த டாக்டரிடம்.

“விரலுக்கா?” என்றார் டாக்டர். அவள் தாளை நீட்டினாள். அவர் தாளைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். முடிவு தாளில் இருந்தபடியே ஒரு புள்ளி மாறாமல் வந்தது. அதற்குள் டிரைவரின் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அவரும் பிழைத்தார், பதினாலாம் கட்டிலும் பிழைத்தது. இரண்டு சர்வரின் பதிவுகளையும் அவள் வரி வரியாகத் தேடினாள். இரண்டும் மூடியிருந்த நேரத்தில் அச்சடிக்கச் சொல்லி ஒரு கட்டளையும் இல்லை.

எட்டு மாதம் கழித்து அடுத்த திருத்தம் வந்தது. அன்று டிரைவருக்கு ரத்தம் எடுத்த டாக்டர் அவள் அறைக்கே வந்தார். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்.

“இந்தத் தடவையும் ஒன்பது நிமிஷம் விடுவீங்கதானே?”

“இல்ல டாக்டர். ரெண்டு சர்வரை ஜோடியா ஓட விட்டிருக்கேன். ஒண்ணை மாத்தும்போது இன்னொண்ணு பார்த்துக்கும். இடைவெளி ஒரு செகண்டுகூட இருக்காது.”

“விடலாமே. போன தடவை ரெண்டு உயிர் பிழைச்சுதே.”

“அடுத்த தாள்ல யார் நம்பர் வரும்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவளுக்குப் பயம் இருந்தது. அவள் அம்மா அப்போது அங்கேயே மூன்றாம் மாடியில், இடுப்பு எலும்பு அறுவை முடிந்து படுத்திருந்தாள். அம்மாவின் பதிவு எண் அவளுக்கு மனப்பாடம்.

ஞாயிறு மதியம் லேப் டெக்னீஷியனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, பிரின்டரின் தட்டிலிருந்து தாள்களை எல்லாம் உருவினாள். அங்கேயே நின்று லேப்டாப் வழியாக ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாள். ஒரு செகண்டுக்கும் குறைவு. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

பிரின்டர் ஒரு தடவை உறுமி நின்றது. அதன் சின்னத் திரையில் எழுத்து ஓடியது: தாள் இல்லை. ஒரு அச்சு காத்திருக்கிறது.

கையில் தாள்கட்டோடு அவள் நின்றாள். போட்டால் தெரிந்துவிடும். அம்மாவாக இருந்தால்? காப்பாற்றலாம். காப்பாற்ற முடியாததாக இருந்தால்? வேறு யாராவதாக இருந்தால்? பிரின்டரின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. குனிந்து சுவிட்சை அணைத்தாள். மறுபடி போட்டபோது திரை வெறுமையாக இருந்தது, காத்திருந்த அச்சு அழிந்துபோயிருந்தது.

டாக்டர் போனில் கேட்டார். “ஏதாவது வந்துச்சா?”

“எதுவும் வரல டாக்டர்.”

மாடிக்கு ஓடிப்போய் அம்மாவுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்யச் சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. “ஏண்டி என் ரத்தத்த இப்படி உறிஞ்சறே?” என்று அம்மா எரிந்து விழுந்தாள். அந்த வார்டில் பன்னிரண்டு கட்டில். மற்ற பதினொரு முகங்களையும் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பெண் அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

அம்மா நான்காம் நாள் வீடு திரும்பினாள். புன்னகைத்த பெண் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள், ரத்தத்தில் ஏதோ தொற்று என்றார்கள். அச்சாகாமல் போன தாள் அந்தப் பெண்ணுடையதுதானா என்று சொல்ல யாராலும் முடியாது.

மறுமாதம் சர்வரக்கா வேலையை விட்டாள். அடுத்து வருகிறவருக்காக, சர்வரை நிறுத்தாமல் மாற்றுவது எப்படி என்று படிப்படியாகப் பதினாறு பக்கம் எழுதினாள். பிறகு கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: தொடங்கும் முன் லேப் பிரின்டரில் தாள் போட்டு வைக்கவும்.