உப்புப் போட்ட குளம்

கடல் என்பது உப்புப் போட்ட குளம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதைக் கண்டு நடுங்குகிற பழக்கம் மனித குலத்தை விட்டு இந்த வருஷத்தோடு ஒழிகிறது என்று யோகேந்திரன் செனாவாங் ஒட்டுக்கடையில் அறிவித்தான். ஒழிக்கப்போவது தான்தான் என்பதையும் கையோடு சொல்லிவைத்தான். கடைக்காரர் ரொட்டி சானாயைத் திருப்பிப் போட்டார். மனித குலத்தின் தரப்பிலிருந்து வேறு பதில் எதுவும் வரவில்லை.

அவனுக்கு நீரில் கண்டம். பிறந்த புதிதில் சிரம்பான் ஜோசியர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. ஜோசியர் பிறகு மாடிப்படியில் வழுக்கிப் போய்ச்சேர்ந்தார். அதை அவர் முன்கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் கண்டம் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. அம்மா மயிலம்மாள் அதை இன்னொரு பிள்ளையைப் போல ஊட்டி வளர்த்தார். தம்பின் டவுனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மற்ற பையன்கள் செம்பனைக் காட்டு வாய்க்காலில் குதிக்கும்போது, இவன் கரையில் அவர்கள் சட்டைகளை வைத்துக்கொண்டு நிற்பான். போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனால் குடும்பமே கடலில் கிடக்கும். இவன் பாயில் உட்கார்ந்து எல்லாருடைய சிலிப்பர்களுக்கும் காவல். ஒரு ஜோடி தொலைந்தது கிடையாது. அந்தத் துறையில் அவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் நல்ல பெயர் இருந்தது.

போன ஹரி ராயா விடுமுறையில் அக்கா மகள், நடக்கப் பழகி ரொம்ப நாள் ஆகாத குழந்தை, கடலுக்கு ஓடும் முன் நின்று யோசித்து, தன் சிலிப்பரைக் கழற்றி அவன் மடியில் வைத்துவிட்டு ஓடினாள். யோகேந்திரன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற ஆம்பிளை. அன்றைக்கு முடிவெடுத்தான்.

ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு சிரம்பானில் நீச்சல் பழகினான். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உடும்பு போல நீந்துவான், முகம் நனையாது. அது போதும் என்று அவனே தீர்மானித்து, ஃபேக்டரிக் கூட்டாளி தர்மராஜை இழுத்துக்கொண்டு தியோமான் தீவுக்கு ஸ்கூபா முக்குளிப்பு பழகக் கிளம்பினான். அம்மாவிடம் கேமரன் மலை என்றான். மலையில் தண்ணீர்ப் பயமில்லை என்பதால் அவர் ஸ்வெட்டர் எடுத்துவைத்தார்.

தர்மராஜும் தோட்டத்துப் பிள்ளைதான். காட்டுக்குள் கால் வைக்கும் முன், மரத்தில் காய் பறிக்கும் முன், ஏன், புதர் ஓரம் ஒதுங்கும் முன்னும்கூட முனியாண்டியிடம் உத்தரவு கேட்டுக்கொள்கிற பழக்கத்தை அவன் விடவில்லை. மெர்சிங் படகுத்துறையில் குனிந்து கடல்நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, “சாமி, எறங்குறேன், உத்தரவு குடு” என்று முணுமுணுத்தான்.

இதற்காகவே காத்திருந்தவன் போல யோகேந்திரன் படகு நகர்ந்ததும் ஆரம்பித்தான். முனியாண்டி என்ன டோல் சாவடியா வைத்திருக்கிறார், போகிற இடமெல்லாம் கார்டு தட்டிவிட்டுப் போக? அவர் தோட்டத்துக் காவல்காரர். அவருடைய அதிகாரம் எல்லைக்கல்லோடு சரி. இது பகாங் கடல், வேறு மாநிலம், வேறு நிர்வாகம்.

“ரோமிங் இருக்கும்லா” என்றான் தர்மராஜ், சிரிக்காமல்.

பாடம் சொல்லிக்கொடுத்தவர் சூரயா என்ற மலாய்க்காரப் பெண், எல்லாருக்கும் ‘கக்’, அதாவது அக்கா. கரையோரத்தில், மணல் தரையில் மண்டியிட வைத்து, வாயில் காற்றுக் குழாயோடு மூச்சு விடச் சொன்னார். அது வந்தது. அடுத்தது, தண்ணீருக்கடியிலேயே முகக் கண்ணாடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, உள்ளே புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். தர்மராஜ் காலையில் முகம் கழுவுகிறவன் போலச் செய்து முடித்தான். யோகேந்திரன் கழற்றினான், மூக்கில் நீர் ஏறியது, அடுத்த நொடி மேலே இருந்தான். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவதில் கக் சூரயாவின் தலையை மிதித்துக்கொண்டு மேலே வந்தான்.

அவர் கோபப்படவில்லை. நாளைக் காலை இன்னொரு வாய்ப்பு, முடியாவிட்டால் வருத்தம் வேண்டாம், எல்லாரும் கீழே போய் வரும்வரை படகிலேயே இருந்து சாமான்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்பாகச் சொன்னார். அந்தக் கடைசி வரி எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. சாமான் காவலுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் கக், நாளைக்கு நான் கீழேதான் இருப்பேன் என்று யோகேந்திரன் தன் மலாயில் இருந்த மரியாதை முழுவதையும் செலவழித்துச் சொன்னான்.

அதற்குள் தர்மராஜ் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். கேமரன் மலையில் தென்னைமரமும் படகும் இருப்பதைப் பார்த்து மயிலம்மாள் போன் போட்டார்.

“தண்ணியில எறங்குன, நான் சோறு திங்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“எறங்கியாச்சும்மா. சாப்புடு.”

மறுமுனையில் குரல் இறங்கியது. “சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டாச்சும் எறங்குடா யோகா.”

“அவருக்கு மொதல்ல நீச்சல் தெரியுமான்னு கேட்டுச் சொல்லும்மா.”

அன்று சாயங்காலம் தர்மராஜ் சுட்ட மீன் சாப்பிடப் போக, யோகேந்திரன் குளியலறை வாளியில் முகத்தை அமிழ்த்தினான். எழுந்து இருமினான். மறுபடி அமிழ்த்தினான். பக்கத்து அறைக்காரர் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஜாதகத்தில்தான் கோளாறு, சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றான்.

காலையில் மணலில் மண்டியிட்டான். கக் சூரயா கைகாட்டினார். கழற்றினான். உப்பு கண்ணில் அறைந்தது. மூக்குக்குள் அதே குளிர். மேலே போ, மேலே போ என்று கால்கள் உதறின. இந்தக் கால்களைத்தான் அம்மா இத்தனை வருஷம் கரையில் நிறுத்திப் பழக்கியிருந்தார். போகமாட்டேன் என்று யோகேந்திரன் முட்டியை மணலில் இன்னும் அழுத்தினான். பல்லைக் குழாயில் இறுக்கினான். கண்டமாவது கிண்டமாவது, வந்தால் இங்கேயே வா, நான் எழுந்திருக்கப் போவதில்லை. தடவித் தடவி முகக் கண்ணாடியை மாட்டி, மேல்விளிம்பை அமுக்கி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் மூக்கால் ஊதினான். நீர் வடிந்தது. எதிரே கக் சூரயா ‘சரி’ என்று விரலை வட்டமாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் காட்டுகிறார் என்று தெரியவில்லை.

அவர் திரும்பி, பின்னால் வரச்சொல்லிச் சைகை செய்தார். கொஞ்ச தூரத்தில் மணல் முடிந்தது. அதற்கப்பால் பவளப்பாறை சரிந்து சரிந்து, பச்சையாகி, நீலமாகி, பிறகு பெயர் வைக்க முடியாத ஒரு நிறத்துக்குள் போனது. குளத்தில் அந்த நிறம் கிடையாது.

கக் சூரயாவும் தர்மராஜும் விளிம்பைத் தாண்டினார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, யோகேந்திரன் குனிந்து இரண்டு விரலால் மணலைத் தொட்டான். கண்ணில் ஒற்றப்போனால் இடையில் கண்ணாடி இருந்தது. கண்ணாடியிலேயே ஒற்றினான். வாயில் குழாய் இருந்ததால், சொன்னது குமிழிகளாகத்தான் மேலே போயிற்று. கடைசிக் குமிழியும் போகும்வரை இருந்துவிட்டு, இறங்கினான்.